குகை உபகரணங்கள்

சுண்ணாம்புக்கல் குகைகளில் இறங்கவும் ஏறவும் பயன்படும் கயிறு, தலைக்கவசம், விளக்கு, இடுப்புவார், கொக்கி, கயிற்றைப் பற்றி மேலேற்றும் பற்றுக்கருவி ஆகியவை குகை உபகரணங்கள் எனப்படும். இவற்றைப் பேணுவது மலேசியாவின் கேமரன் மலைவாசிகளுக்குத் தனிச் சவால். 1929-இல் தோன்றிய போ தோட்டம் முதலாக அம்மலையின் தேயிலைத் தோட்டங்கள் அமைந்திருப்பது தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லின்மேல். மழைநீர் கரைத்துக் குடையக்கூடிய கல் அங்கு இல்லாமையால், அப்பிரதேசத்துக் குகைப்பிரியர் சிம்பாங் பூலாய்ச் சாலை வழியே கிந்தாப் பள்ளத்தாக்குக்கு இறங்கி, கோப்பெங் அருகே ஆறு ஊடுருவி ஓடும் தெம்புருங் குகை போன்றவற்றை நாட வேண்டியிருக்கிறது. சேறு பூசிய உபகரணங்களோ, 1,000 மீட்டருக்கு மேலுள்ள, மூடுபனி அடிக்கடி கவியும் மலைக்கே திரும்பி வருகின்றன. அவற்றின் ஆயுளைக் குகையைக் காட்டிலும் இந்த ஈரமலை வாசமே நிர்ணயிக்கிறது எனலாம்.

குகைக் கயிறு, சுமையைத் தாங்கும் நைலான் இழைத்திரளும் அதனை உராய்விலிருந்து காக்கும் பின்னல் உறையும் கொண்டது; வரையறுத்த சோதனைச் சுமையில் 5 சதவீதத்துக்கு மேல் அது நீளலாகாது என்பது ஐரோப்பியத் தரவிதி. கயிற்றைப் பரிசோதிக்க விரலினும் சிறந்த கருவி இல்லை. ஒரு முனை தொட்டு மறுமுனை வரை சாண் சாணாக உருவி வருங்கால், உள்ளிழை அறுந்த இடம் மெத்தென்று குழையும். அவ்விடத்தை வளைத்தால் வட்டமாக வளையாமல் காகிதம்போல் மடியும். மேலுறை எத்துணைப் புதிதாகத் தோன்றினும் அப்பகுதியை வெட்டி நீக்குதல் அவசியம். பாட்டரி அமிலம் பட்ட கயிறோ விரலையும் ஏமாற்ற வல்லது. சந்தேகம் எழுந்தாலே அதனைக் கழித்துவிட வேண்டும்.

சேற்றிலுள்ள நுண்மணல் இழைகளுக்கிடையே புகுந்து அரம்போல் அராவுவதால், திரும்பியவுடன் குளிர்ந்த நன்னீரில் கயிற்றை அலசுவது முறை. வெயிலின் புறஊதாக் கதிர் நைலானை நலிவிக்கும். அடுப்பங்கரைச் சூடும் ஆகாது. ஆதலின் தோட்டக் குடியிருப்பான லயத்தின் தாழ்வாரத்தில் தளரத் தொங்கவிட்டு, மலைக்காற்று உலர்த்தும்வரை நாட்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். கொழுந்தைக் காற்றில் வாட்டிப் பழகிய தோட்டத்தாருக்கு இப்பொறுமை புதிதன்று.

கொக்கியின் வாய், அழுத்தி விட்டவுடன் தானே மூடிக்கொள்ள வேண்டும். பற்றுக்கருவியின் பற்கள் தேய்ந்திருந்தால் அது சேறு படிந்த கயிற்றில் வழுக்கும். விளக்கைப் பொறுத்தவரை ஒருவருக்கு மூன்று என்பது குகையாளர் சம்பிரதாயம். முன்னாளில் அவர்கள் நெற்றியில் எரிந்தது, மலாயா ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டப் போனவர்கள் அறிந்திருந்த அதே கார்பைடு விளக்கு: கார்பைடுக் கட்டியின்மேல் நீர் சொட்ட, அசெட்டிலின் வாயு பிறந்து எரியும்; எஞ்சிய சுண்ணாம்பைக் குகையில் கொட்டாமல் பையில் கொண்டுவருவது மரியாதை. இன்றைய மின்விளக்கில் மறவாமல் செய்ய வேண்டியது, எடுத்துவைக்குமுன் பாட்டரியைக் கழற்றுவதே. ஈரமலையில் அதன் முனைகள் விரைவில் பச்சை பூத்துவிடும்.

பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் நைலான் கயிற்றுக்குப் பத்தாண்டே எல்லை என்பர் உற்பத்தியாளர் பலர். கழித்த கயிற்றை முழுதாக எறியாமல் முழத்துண்டுகளாக நறுக்குவது நலம். அத்துண்டுகள் மூட்டை கட்ட உதவும்; முழுக்கயிறாயின், அதன் வரலாறு அறியாத ஒருவன் அதிலே தொங்க நேரும்.