கைக்கு அடங்கும் கருவி

அந்தமானின் தலைநகரில், எங்கள் டெலானிபூரிலிருந்து ஹாடோ வழியாகச் சாத்தம் தீவுக்குப் போகும் சாலையின் முடிவில், 1883-ஆம் ஆண்டு முதல் மரம் அறுத்துவரும் அரசாங்க மர ஆலை இருப்பதை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் அறியாதவர் இல்லை. அந்தமானுக்கே உரிய செந்நிறப் படாக் மரத்தில் ஆயுள் முழுவதும் வேலை செய்து ஓய்ந்த தச்சர் ஒருவர் எங்கள் தெருவில் வசிக்கிறார். அவருடைய இழைப்புளியை ஒருநாள் வாங்கிப் பார்த்தபோது, பிடியில் கட்டைவிரல் பதியும் இடம் பல வருஷத் தேய்மானத்தால் பள்ளமாகி, கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. அந்தப் பள்ளத்தில் என் விரல் பொருந்தவில்லை. கைக்கும் கருவிக்கும் உள்ள சம்பந்தம் எத்தனை அந்தரங்கமானது என்பது அந்த க்ஷணத்தில்தான் எனக்குப் பிரத்தியட்சமாக விளங்கிற்று. கணினி விளையாட்டில் ஈடுபட்ட என் மருமகன், தன் கைக்கு ஏற்ற மவுஸ் கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைந்ததைக் கண்டு நான் மவுஸின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க முற்பட்டதற்கு அதுவே காரணம்.

ஆச்சரியம் என்னவென்றால், சரித்திரத்தின் ஆரம்பத்திலும் மரக்கட்டையே இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் கருத்துருவாக்க, பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் 1964-இல் செய்து முடித்த முதல் மவுஸ், ஒரு மரப்பெட்டியும், அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்கோணமாகப் பொருத்திய இரு சக்கரங்களும், மேலே ஒரேயொரு பொத்தானும் கொண்ட எளிய சாதனமாகும். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி மவுஸை அவர்கள் சபையோர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார்கள். 1970 நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது. திரையில் புள்ளி எங்கே நிற்கிறது என்பதே அன்றைய கவலையாக இருந்ததேயொழிய, அதைப் பிடிக்கும் மணிக்கட்டுக்கு நாளடைவில் என்ன நேரும் என்பது பிரதானமாகத் தோன்றவில்லை. அதை நான் குறையாகக் கூறவில்லை. புதிய கருவி எதுவும் முதலில் தன் காரியத்தை நிரூபித்த பிறகுதான் உபயோகிப்பவனுடைய அவயவத்தைப் பற்றி யோசிக்கும்.

பிறகு சக்கரங்களின் இடத்தை உருளும் பந்து பிடித்துக்கொண்டது. ஸ்விட்சர்லாந்தில் பேராசிரியர் ழான்-தானியேல் நிக்கூவின் முயற்சியால் உருவான மவுஸ், அரைக்கோள வடிவத்தில் உள்ளங்கையை நிரப்பி நின்றது. அந்நாட்டில் 1981-இல் தோன்றிய லாஜிடெக் நிறுவனம் அந்த மரபிலிருந்தே வளர்ந்தது. ஆனால் அலுவலகங்களில் கணினி பெருகப் பெருக, ஒரே அச்சில் வார்த்த பெட்டி வடிவம்தான் கோடிக்கணக்கான கைகளுக்கும் பொது என்றாயிற்று. 1998-இல் ஆப்பிள் நிறுவனம் ஐமேக் கணினியோடு முழு வட்டமான மவுஸ் ஒன்றைக் கொடுத்தது. கண்ணுக்கு மிக அழகானதுதான். ஆயினும் வட்டத்துக்குத் தலை எது, வால் எது என்று விரல்களுக்குத் தெரியாமையால், கை வைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்துத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2000-ஆம் ஆண்டிலேயே அது கைவிடப்பட்டது.

விரலின் சௌகரியத்தை உலகம் மீண்டும் நினைவுகூர்ந்தது விளையாடுகிறவர்களால்தான் என்பது என் உறுதியான அபிப்பிராயம். 1999-இல் ரேசர் பெயரில் வந்த பூம்ஸ்லாங், விளையாட்டுக்கென்றே விற்கப்பட்ட ஆதி மவுஸ்களில் ஒன்று. அதே வருஷம் மைக்ரோசாப்ட் வெளியிட்ட இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் பந்தையே அகற்றிவிட்டு, மேஜைப் பரப்பை வினாடிக்கு 1,500 முறை படமெடுத்து அசைவைக் கணித்தது. வலக்கையின் சரிவுக்கு இசைய வளைந்த அதன் உடலும், கட்டைவிரலுக்கு அருகே வைத்த பொத்தான்களும் கவுன்டர்-ஸ்டிரைக் என்னும் துப்பாக்கி ஆட்டத்தை ஆடியவர்களை மிகவும் கவர்ந்தன. பின்னர் அந்த ஆட்டத்தில் பெயர்பெற்ற ஸ்வீடன் வீரர் எமில் கிறிஸ்டென்சன் ஆலோசனையோடு சோவி நிறுவனம் ஒரே வடிவத்தைப் பெரிது, சிறிது என இரண்டு அளவில் செய்து விற்றது. செருப்புக் கடையில் நெடுங்காலமாக இருந்துவரும் நியாயம் மவுஸுக்குக் கிடைக்க இத்தனை வருஷம் ஆயிற்று.

பிடிக்கும் முறைகளை இளைஞர்கள் மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார்கள். உள்ளங்கை முழுவதையும் சாய்த்துப் படுக்க வைப்பது பாம் கிரிப். உள்ளங்கையின் அடி மட்டும் ஊன்ற, விரல்கள் நண்டின் கொடுக்குப்போல் வளைந்து நிற்பது கிளா கிரிப். விரல் நுனிகள் மட்டுமே தொடுவது ஃபிங்கர்டிப் கிரிப். முதலாவதற்கு நீண்டு முதுகு உயர்ந்த உடல் வேண்டும். மூன்றாவதற்குச் சிறியதும் எடை குறைந்ததும் வேண்டும். நூறு கிராமுக்கு மேலிருந்த எடை, 2020-இல் வந்த லாஜிடெக் சூப்பர்லைட்டில் 63 கிராமுக்கும் குறைவாக இறங்கியதன் பயன், முழங்கையிலிருந்து வீசி ஆடுபவர்களுக்கும் மணிக்கட்டால் ஆடுபவர்களுக்கும் ஒருங்கே தெரிந்தது.

டெலானிபூரில் இந்தப் பேச்சு எழுந்தது வெகு சமீபத்தில்தான். அதற்குக் காரணம் மவுஸ் அல்ல, ஆகாயம். இங்கே இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்த நாட்களில், ஒரு கட்டளை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி, அவ்வளவே கீழே இறங்கி, அதற்குரிய விடையும் அவ்வாறே ஏறி இறங்கி வரவேண்டியிருந்தமையால், அரை நொடித் தாமதம் இயற்கையின் நியதியாகவே இருந்தது. எதிரியைச் சுட்டுவிட்டோம் என்று எண்ணும்போது நாமே வீழ்ந்து கிடப்போம். கையைக் குறைசொல்ல அங்கே இடமேயில்லை. சென்னையிலிருந்து இத்தலைநகருக்கும் வேறு ஏழு தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் போடப்பட்ட ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறக்கப்பட்டது. பிங் என்று சொல்லும் அந்தத் தாமதம் குறைந்தது. ஆகாயத்தின் மேல் பழிபோட்டு வந்த பிள்ளைகள், மிஞ்சிய தாமதம் தங்கள் விரல்களிலேயே இருப்பதை அப்போது கண்டுகொண்டார்கள்.

ஆனால் கருவி வாங்குவது இங்கே சுலபமல்ல. சென்னையில் இருப்பவன் ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி, நான்கு மவுஸைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவான். இங்கேயோ மெயின்லேண்டிலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் அது கைக்குச் சேருமா சேராதா என்று தெரியவரும், திருப்பி அனுப்புவதோ பெரும் பிரயாசை. இந்த ஈரக்காற்றில் ரப்பர் பூச்சு பூசிய மவுஸ்கள் சில பருவத்துக்குள் பிசுபிசுத்துப்போவதும் உண்டு. என் மருமகன் முதலில் வாங்கியது அவ்விதமே பாழாயிற்று. இரண்டாவதாக, உலகப் போட்டிகளில் ஆடுபவர்கள் வைத்திருப்பது என்று கேள்விப்பட்டு வாங்கியது, ஒரு மணி நேரத்துக்குள் சுண்டுவிரலையும் மணிக்கட்டையும் வலிக்கச் செய்தது.

அவனைத் தச்சரிடம் அழைத்துச் சென்றேன். பெரியவர் அவன் கையை மவுஸின் மேல் வைக்கச் சொல்லிச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “பொருள் பெருசு தம்பி. சுண்டுவிரலு நிக்க எடமில்லாம தரையில இழுபடுது பாரு” என்றார். பிறகு மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை நூல் பிடித்து அளந்தார். பதினேழரை சென்டிமீட்டர் இருந்தது. முதல் மவுஸ் மரத்தால் ஆனது என்று நான் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, “என்ன மரம்?” என்பதுதான். என்னால் விடை கூற முடியவில்லை.

மறுவாரம் அவன் கேட்காமலே பெரியவர் படாக் துண்டு ஒன்றை மவுஸ் அளவுக்குச் செதுக்கிக் கொடுத்தார். அடுத்ததை வாங்குமுன் எந்த நீளமும் எந்த உயரமும் தனக்குச் சேரும் என்று அதில் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவருடைய எண்ணம். பையன் அதை மேஜைமேல் வைத்து, ஆட்டத்தில் நகர்த்துவதுபோலவே நகர்த்திப் பார்த்து, உள்ளங்கையை முட்டுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறான். சாயங்காலம் அவரிடம் எடுத்துப் போக, அவர் அந்தக் கோட்டளவு இழைத்துத் திருப்பித் தருகிறார்.