சுவிட்ச் யாருக்குச் சொந்தம்? வீட்டு ஆட்டோமேஷனின் ஒரு குறுங்கதை

"ஸ்மார்ட் ஹோம்"னு சொன்னதும் அலெக்ஸாவோட வந்த சமாச்சாரம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அமெரிக்க வீடுகளில் இந்தக் கதை 1978-லேயே கடைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வீட்டுக்காரர் எத்தனை முறை எல்லாவற்றையும் மாற்றியிருப்பார், ஏன் மாற்றினார் என்று பார்ப்போம்.

முதல் ஆள் எக்ஸ்10. 1975-ல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் ஊரில் இருந்த பைக்கோ எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கியது. அவர்களுடைய பத்தாவது ப்ராஜெக்ட், அதனால்தான் அந்தப் பெயர். புது ஒயர் எதுவும் இழுக்க வேண்டாம் என்பதுதான் இதன் அழகு. வீட்டில் ஏற்கெனவே ஓடும் கரண்ட் ஒயரே செய்தியையும் சுமக்கும். ஏசி மின்சாரத்தின் அழுத்தம் மேலும் கீழும் ஏறி இறங்கும்போது பூஜ்யத்தைக் கடக்கும் அந்தக் கணத்தில் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை அனுப்புவார்கள். துடிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 16 வீட்டு எழுத்து, 16 கருவி எண், ஆக மொத்தம் 256 முகவரி. 1978-ல் ரேடியோ ஷாக், சியர்ஸ் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

குறைகளும் நிறைய. அமெரிக்க வீட்டுக்குள் மின்சாரம் இரண்டு 120 வோல்ட் கிளைகளாக வருகிறது. ஒரு கிளையில் அனுப்பிய செய்தி அடுத்த கிளைக்குப் போய்ச் சேராது, சேர்ந்தாலும் நலிந்துபோயிருக்கும். டிவி போட்டால் இரைச்சல். பக்கத்து வீட்டுக்காரரும் அதே டிரான்ஸ்பார்மரில் அதே எழுத்தை வைத்திருந்தால், அவர் பட்டனை அமுக்க உங்க வீட்டு விளக்கு எரியும்! போதாக்குறைக்கு, விளக்கு நிஜமாகவே எரிந்ததா என்று அந்த மாடியூல் திரும்பச் சொல்லவும் சொல்லாது.

இதையெல்லாம் சரிசெய்ய 2005-ல் இன்ஸ்டியான் வந்தது. கரண்ட் ஒயர், ரேடியோ அலை இரண்டிலும் பேசும். ஒவ்வொரு சுவிட்சும் கேட்ட செய்தியை மறுபடி ஒலிபரப்பும், பதிலும் சொல்லும். பழைய எக்ஸ்10 கட்டளைகளும் அதற்குப் புரியும் என்பதால், வீட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ள முடிந்தது. இதே காலத்தில் ஜிக்பீ, இசட்-வேவ் என்று முழுக்க ரேடியோவிலேயே ஓடும் போட்டிகளும் வந்தன.

அடுத்து வந்த மாற்றம் ஒயரிலும் இல்லை, ரேடியோவிலும் இல்லை. செல்போன் வந்ததும், கட்டளை கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றிப்போக ஆரம்பித்தது. ஹாலில் உட்கார்ந்து ஹால் விளக்கைப் போட, செய்தி எங்கேயோ ஒரு டேட்டா சென்டருக்குப் போய்த் திரும்பணும். வசதிதான். ஆனா சாவி கைமாறிப் போச்சு.

அதன் விளைவு 2016-ல் தெரிந்தது. ரிவால்வ் என்ற ஹப்பின் விலை சுமார் 300 டாலர். அந்தக் கம்பெனியை 2014-ல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் வெறும் பிளாஸ்டிக் ஆயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் சர்வர்களும் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஆப் செத்துப்போனாலும், ஒன்றோடொன்று நேரடியாக இணைத்திருந்த சுவிட்சுகள் தொடர்ந்து வேலை செய்தன. அவற்றின் புத்தி வீட்டுக்குள்ளேயே இருந்ததுதான் காரணம். சில வாரங்களில் அந்தப் பொருளைப் பயன்படுத்திவந்த வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி, ஜூனில் மறுபடி ஓடவிட்டார்கள்.

கையைச் சுட்டுக்கொண்ட வீட்டுக்காரர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் ஹோம் அசிஸ்டன்ட். 2013-ல் பாலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. வீட்டிலேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஓடும். ஆப்பிள், கூகுள், அமேசான் எல்லோரும் சேர்ந்து 2022 அக்டோபரில் வெளியிட்ட மேட்டர் தரமும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது.

ஆக, நாற்பது சொச்சம் வருஷம் சுற்றி, மூளை மறுபடி வீட்டுக்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்10 அரைகுறைதான், ஆனால் விற்ற கம்பெனி நொடித்துப்போனாலும் அந்த மாடியூல் தன் வேலையைச் செய்யும். புதுசா ஏதாவது வாங்கப் போறீங்கன்னா கடைக்காரர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிட்டா இது ஓடுமா?" பதில் இழுத்தடித்து வந்தால், நீங்கள் வாங்கப்போவது சுவிட்ச் இல்லை, அதற்கான வாடகை.