குரல்வளையில் ஒரு ஊசி, அப்புறம் முப்பது கேள்வி

எங்க மேற்கு தாம்பரம் தெருவுல ஒரு டீச்சரம்மா இருக்காங்க. முப்பது வருஷம் வகுப்பெடுத்த குரல். ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் கழுத்தை நெரிச்ச மாதிரி வெட்டி வெட்டி வர ஆரம்பிச்சது. ஆனா பாட்டு மட்டும் சுத்தமா வரும். போதாதா? "பாடறப்ப வராத அடைப்பு பேசறப்ப மட்டும் வருமாக்கும்"னு தெருவே தீர்ப்பு எழுதிடுச்சு.

தெருவைச் சொல்லி என்ன பண்றது, மருத்துவமே நூறு வருஷம் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. 1871-ல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் டிராபே விவரித்த இந்த நோய், பிறகு மனக்கோளாறு கணக்கில் போய்ச் சேர்ந்தது. ஸ்பாஸ்மாடிக் டிஸ்ஃபோனியா என்று பெயர். பேசும்போது குரல்வளைத் தசைகள் தானாக இறுகிக்கொள்ளும். மூளை அனுப்பும் கட்டளையில் பிசகு. பாட்டும் சிரிப்பும் பலருக்குத் தப்பிவிடும்.

1976-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் டேடோ என்ற சர்ஜன், குரல்வளைக்குப் போகும் நரம்பில் ஒரு பக்கத்தை வெட்டிவிடும் வைத்தியத்தை எழுதினார். குரல் உடனே திறந்தது, ஒரே கைதட்டல். ஆரன்சன், டிசான்டோ என்ற இருவர் மட்டும் மூணு வருஷம் பொறுத்து எண்ணிப் பார்த்தார்கள். 33 பேரில் 64 சதவீதம் பேருக்குப் பலன் நிலைக்கவில்லை (1983). என்னைக் கேட்டால் இந்தக் கதையின் ஹீரோக்கள் இவங்க ரெண்டு பேரும்தான்.

அடுத்த வருஷம், 1984-ல், நியூயார்க்கில் ஆண்ட்ரூ பிளிட்சர் போட்டுலினம் நஞ்சைக் குரல்வளைத் தசையில் செலுத்தினார். (ஆமாங்க, முகச் சுருக்கத்துக்குப் போடற அதே போடாக்ஸ்தான்.) 1991-ல் 13 பேரை வைத்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி போட்டு ஒப்பிட்டார்கள். மருந்து ஜெயித்தது. 1998-ல் பிளிட்சர் குழு 900-க்கும் மேற்பட்டவர்களின் கணக்கைத் தந்தது: இறுகும் வகைக்காரர்களுக்குச் சராசரியாக இயல்பில் 90 சதவீதம், சுமார் 15 வாரம்.

சரி, 90 சதவீதம்... யார் காதுக்கு? எந்த நாளில்? ஊசி போட்ட முதல் வாரம் குரல் வெறும் காத்தாப் போகும், தண்ணி குடிச்சா புரையேறும். அப்புறம் நல்ல காலம். மூணு நாலு மாசத்தில் பழைய குருடி கதவைத் திறடி. எந்த நாளில் அளக்கிறோமோ அதுக்கேத்த பதில்தான் வரும்.

1997-ல் பார்பரா ஜேக்கப்சன் குழு நோயாளியையே கேட்டுவிடலாம் என்று 30 கேள்விகள் தயாரித்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 120, ஏற ஏறக் கஷ்டம். போன் பேசுவது குறைந்ததா, கூட்டத்தில் ஒதுங்குகிறோமா என்கிற மாதிரி விஷயங்கள். 1999-ல் ஹோகிக்யானும் சேதுராமனும் அதைவிடச் சுருக்கமாகப் பத்தே கேள்வியில் இன்னொன்று செய்தார்கள்.

டீச்சரம்மா கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "எனக்கு ஒரே கேள்விதாம்ப்பா, சண்முகம் ரோடு மார்க்கெட்ல விலை கேட்டா காய்க்காரம்மாவுக்குப் புரியணும்"னாங்க. ரெண்டாவது ஊசி போட்டு ஆறாவது வாரம் கத்தரிக்காய்க்குப் பேரமே பேசிட்டு வந்தாங்க. அடுத்த ஊசி ஆடி மாசம்.