அச்சிலிருந்து கண்ணுக்கு: மென் காண்டாக்ட் லென்ஸ் கிழியாமல் பிரித்தெடுக்கப்படுவது எப்படி?

மென் காண்டாக்ட் லென்ஸ் ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர். கிட்டப்பார்வைக்கான லென்ஸாக இருந்தால், அதன் நடுப்பகுதியின் தடிமன் பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. இவ்வளவு மெல்லிய பொருளை அச்சில் வார்ப்பது ஒரு சவால் என்றால், அதைச் சேதமின்றி அச்சிலிருந்து வெளியே எடுப்பது அதனினும் பெரிய சவாலாகும். விளிம்பில் ஏற்படும் மிகச் சிறிய கிழிசலும் லென்ஸைப் பயனற்றதாக்கிவிடும். மென் லென்ஸ் உற்பத்தியின் வரலாற்றையே மாற்றியமைத்ததும் இந்தச் சிக்கல்தான்.

பிராக் நகரில் தொடங்கிய சிக்கல்

நீரை உறிஞ்சி மென்மையாகும் ஹைட்ரோஜெல் என்ற பொருளைச் செக்கோஸ்லோவாக்கிய வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லேயும் அவருடன் பணியாற்றிய டிராஹோஸ்லாவ் லிம்மும் 1950களில் உருவாக்கினர். அதைக் கொண்டு 1957-ஆம் ஆண்டில் பாலிஸ்டைரீன் அச்சுகளில் சுமார் 100 லென்ஸ்களை விக்டர்லே வார்த்தார். ஆனால், மூடிய அச்சுகளிலிருந்து எடுக்கும்போது அவற்றின் விளிம்புகள் பிளந்து கிழிந்தன. எஞ்சியவற்றையும் கையால் சீர்செய்ய வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றுவழியை அவர் தமது வீட்டிலேயே கண்டறிந்தார். 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், குழந்தைகளுக்கான 'மெர்குர்' கட்டுமானப் பொம்மைப் பாகங்கள், மிதிவண்டி டைனமோ, அழைப்புமணி மின்மாற்றி ஆகியவற்றைக் கொண்டு அமைத்த கருவியில் முதல் 4 லென்ஸ்களை அவர் உருவாக்கினார். அதில் பயன்பட்டது மேல்மூடி இல்லாத, சுழலும் திறந்த அச்சு. சுழற்சியின் விசையால் திரவம் அச்சில் பரவி வளைவாக உறைந்தது. மேல் அச்சே இல்லாததால், அதைப் பிரிக்கும்போது விளிம்பு கிழியும் நிலையும் எழவில்லை. இந்த முறையின் உரிமத்தைப் பெற்ற பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனத்தின் மென் லென்ஸுக்கு 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது.

இன்றைய இரட்டை அச்சு முறை

லென்ஸ்கள் பெருமளவில் தேவைப்பட்டபோது, உற்பத்தி மீண்டும் மூடிய அச்சுக்கே திரும்பியது. தற்போது பெரும்பாலான மென் லென்ஸ்கள் இரு பாதிகள் கொண்ட பிளாஸ்டிக் அச்சுகளில் வார்க்கப்படுகின்றன. கிண்ணம் போன்ற கீழ்ப்பாதி லென்ஸின் முன்புறத்தையும், குவிந்த மேல்பாதி கண்ணைத் தொடும் பின்புறத்தையும் வடிவமைக்கின்றன. பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்கால் ஆன இந்த அச்சுகள் பொதுவாக ஒருமுறை மட்டுமே பயன்படுத்தப்படுகின்றன.

கீழ்ப்பாதியில் அளந்து ஊற்றப்படும் மோனோமர் திரவம், மேல்பாதியால் மூடப்பட்ட பின் புற ஊதாக் கதிராலோ வெப்பத்தாலோ கெட்டியாக்கப்படுகிறது. திரவம் அச்சுப் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் வரை பரவியே இறுகுவதால், லென்ஸ் இரு பாதிகளிலும் உறுதியாக ஒட்டிக்கொள்கிறது. நீர் சேராத நிலையில் வழக்கமான ஹைட்ரோஜெல் கடினமாகவும் எளிதில் நொறுங்கக் கூடியதாகவும் இருக்கும். எனவே, சற்றே சாய்வாக இழுத்தாலும் விளிம்பு உடையக்கூடும்.

முதல் கட்டம்: அச்சைத் திறத்தல்

அச்சைத் திறக்கும்போது லென்ஸ் ஒரு பாதியிலிருந்து எளிதில் விடுபட வேண்டும். மறுபாதியில் ஒட்டியே இருக்க வேண்டும். எந்தப் பாதியில் தங்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறினால், அடுத்துள்ள தானியங்கி இயந்திரங்களால் அதைக் கையாள இயலாது.

இதற்காக இரு பாதிகளுக்கும் வெவ்வேறு பிளாஸ்டிக்குகளைத் தேர்வு செய்வது, ஒரு பாதியின் பரப்பை மட்டும் பிளாஸ்மா கொண்டு மாற்றியமைப்பது போன்ற உத்திகள் கையாளப்படுகின்றன. மற்றொரு வழி வெப்பம். மேல்பாதியை மட்டும் நீராவியாலோ அகச்சிவப்புக் கதிராலோ சில நொடிகள் சூடாக்கினால், லென்ஸ் சூடாகும் முன்பே அது விரிவடைந்து பிடி தளர்கிறது. அந்தத் தருணத்தில் மெல்லிய உலோக விரல்கள் இடையில் நுழைந்து மேல்பாதியை நெம்பி எடுக்கின்றன. விளிம்புக்கு வெளியே பிதுங்கி உறைந்த மிகைப் பொருளும் அதனுடன் அகற்றப்பட வேண்டும். லென்ஸிலேயே தங்கிவிட்டால் அது குறைபாடாகும்.

இரண்டாம் கட்டம்: லென்ஸை விடுவித்தல்

எஞ்சிய பாதியிலிருந்து லென்ஸை எடுக்க இரு வழிகள் உள்ளன. ஈர முறையில், அச்சும் லென்ஸும் சேர்த்து நீரிலோ கரைசலிலோ மூழ்கவைக்கப்படுகின்றன. நீரை உறிஞ்சும் லென்ஸ் உப்பி, அச்சின் அளவை விடப் பெரிதாகித் தானாகவே பிரிகிறது. தொடக்ககால ஹைட்ரோஜெல்லான பாலிஹீமாவில் நீரின் பங்கு சுமார் 38 சதவீதம் என்பதிலிருந்து இந்த உப்பலின் அளவை உணரலாம்.

உலர் முறையில், அச்சின் அடிப்புறம் அழுத்தப்பட்டோ பக்கங்கள் நெருக்கப்பட்டோ வளைக்கப்படுகிறது. அப்போது விடுபடும் லென்ஸை உறிஞ்சுமுனை ஒன்று தூக்கி எடுக்கிறது. இதில் நீரில் ஊறும் நேரம் மிச்சமாகும். ஆனால் விசை சற்று மிகுந்தாலும் விரிசல் விழும்.

1990களின் இறுதியில் சந்தைக்கு வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் கண்ணுக்கு அதிக ஆக்சிஜனைக் கடத்துபவை. அவற்றின் ஒட்டும் தன்மை அதிகம் என்பதாலும், வினைபுரியாமல் எஞ்சும் சிலிக்கோன் சேர்மங்கள் நீரில் எளிதில் கரையாது என்பதாலும், பல தயாரிப்புகளில் ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள் பயன்படுத்தப்பட்டு, பின்னர் நீரால் கழுவி அகற்றப்படுகின்றன. மாறாக, பாலிவினைல் ஆல்கஹாலால் ஆன 'டெய்லீஸ்' வகை லென்ஸ்கள், மீண்டும் பயன்படுத்தத்தக்க குவார்ட்ஸ் கண்ணாடி அச்சுகளில் சில நொடிகளில் உருவாக்கப்படுகின்றன.

பிரித்தெடுக்கப்பட்ட லென்ஸ்கள் கேமராக்கள் மூலம் சோதிக்கப்பட்டு, குறையுள்ளவை நீக்கப்படுகின்றன. தேறியவை உப்புக்கரைசலுடன் சிறு கொப்புள உறைகளில் அடைக்கப்பட்டு, உயர் வெப்ப நீராவியால் கிருமி நீக்கம் செய்யப்படுகின்றன.

பயனாளர்கள் கவனிக்க வேண்டியவை

கிழிந்த விளிம்பு கருவிழியின் மேற்பரப்பைக் கீறி, கிருமித் தொற்றுக்கு வழிவகுக்கக்கூடும். எனவே, அணியும் முன் லென்ஸின் விளிம்பைச் சுற்றிலும் பார்ப்பது அவசியம். கிழிசல் சிறிதாயினும் அதை அணியக் கூடாது. உறையிலிருந்து எடுக்கும்போது நகம் படாமல் விரல் நுனியால் கையாள வேண்டும்.

தொழிற்சாலையின் ஈர முறை கற்றுத்தரும் பாடம் வீட்டுக்கும் பொருந்தும். கண்ணில் லென்ஸ் உலர்ந்து ஒட்டிக்கொண்டால் வலிந்து இழுக்கக் கூடாது. லென்ஸுக்கு உகந்த ஈரமூட்டும் சொட்டுமருந்தை இட்டு, சில நிமிடங்கள் காத்திருந்து, அது தடையின்றி நகரத் தொடங்கிய பிறகே எடுக்க வேண்டும். குழாய் நீரை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. லென்ஸைக் கழற்றிய பின்னரும் வலியோ சிவப்போ நீடித்தால், உடனடியாகக் கண் மருத்துவரை அணுக வேண்டும்.