மலை தாண்டி வந்த கால்பந்து

சேலம் மாவட்ட வரைபடம் ஒன்றை எடுத்து முன்னே விரித்துக்கொள்ளுங்கள். அதன் கிழக்குப் பகுதியில், ஆத்தூருக்கும் தம்மம்பட்டிக்கும் நடுவே, சுவேத நதிக்கரையில் கெங்கவல்லி இருக்கிறது. வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை, தென்மேற்கே கொல்லிமலை. மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் சமவெளிதான். ஆனாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் தொலைவில் ஒரு மலை தெரியும். பார்ப்பதற்கு அழகுதான். தொலைக்காட்சி அலைகளுக்கு மட்டும் இது நெடுங்காலம் தொல்லையாக இருந்தது.

இன்று இவ்வூர் மாணவி ஒருத்தி சிட்னி நகரில் பெண்கள் ஆடும் கால்பந்தாட்டத்தைக் கேபிள் இணைப்பு எதுவும் இல்லாமல் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம். இந்த நிலை எப்படி வந்தது? இதற்குள் இரண்டு வரலாறுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று அலைகள் மலையைத் தாண்டிய கதை. மற்றொன்று பெண்கள் ஆடும் ஆட்டத்தைக் காட்டத் தகுந்தது என்று உலகம் ஒப்புக்கொண்ட கதை. முதற்கதை விரைவாக நடந்தது. இரண்டாவது மிக மெதுவாக.

யாரும் காணாத இறுதியாட்டம்

இந்தியப் பெண்கள் கால்பந்து அண்மையில் முளைத்த ஒன்று எனப் பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. இந்தியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு 1975இல் தோன்றியது. 1980 ஜனவரியில் ஆசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி கேரளத்தின் கோழிக்கோட்டில் நடந்தது. இந்தியா இரு அணிகளைக் களமிறக்கியது. அவற்றுள் ஒன்று இறுதியாட்டம் வரை சென்று, சீனத் தைபே அணியிடம் 0-2 என்று தோற்றது. 1983இல் பாங்காக்கில் மீண்டும் இறுதியாட்டம். இம்முறை தாய்லாந்திடம் 0-3. அவ்வாண்டின் அர்ச்சுனா விருது சாந்தி மல்லிக்குக்குக் கிடைத்தது. கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே.

ஆசியாவில் இருமுறை இரண்டாமிடம்! இதை எத்தனை பேர் கண்ணால் பார்த்தார்கள்? சற்றே கணக்கிடுங்கள். 1980 ஜனவரியில் கேரளத்தில் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. தமிழ்நாட்டில் சென்னை நிலையம் ஒன்றுதான். அது 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சென்னையையும் அதைச் சூழ்ந்த பகுதிகளையும் தாண்டி அதன் படம் போகாது. ஆகவே கோழிக்கோட்டு ஆட்டம் மைதானத்தில் நேரில் இருந்தவர்களுக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு நாளிதழில் வந்த சில வரிகள்தாம். படம் இல்லாத வெற்றி எவ்வளவு எளிதில் மறந்துபோகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இது நம் நாட்டின் குறை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1920 டிசம்பர் 26ஆம் நாள், லிவர்பூலின் கூடிசன் பார்க் மைதானத்தில் தொழிற்சாலைப் பெண்களின் அணியான டிக் கெர் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டே, 1921 டிசம்பரில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மன்றங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை விதித்தது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்பது சொல்லப்பட்ட காரணம். கூட்டம் வராததால் தடை செய்யவில்லை. கூட்டம் வந்த பிறகு தடை செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தத் தடை நீடித்தது.

1971இல் மெக்சிகோவில் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதல் இல்லாமலேயே பெண்களுக்கான உலகப் போட்டி ஒன்று நடந்தது. அஸ்டெகா மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாகக் கூறுவர். டென்மார்க் 3-0 என்று மெக்சிகோவை வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் சுசான் அகஸ்டசன் என்ற பதினைந்து வயதுப் பெண். அதுவும் மறக்கப்பட்டது. அதிகாரபூர்வமான முதல் உலகக் கோப்பை இருபது ஆண்டு கழித்து, 1991இல், சீனாவில்தான் நடந்தது. அதிலும் ஆட்டநேரம் 90 நிமிடமன்று, 80 நிமிடம்! பெண்கள் அவ்வளவு நேரம் ஓடமாட்டார்கள் என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும்.

அலைகளும் மலைகளும்

இனி முதற்கதைக்கு வருவோம். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை, பூமியோ வளைந்தது. 150 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் நின்று பார்த்தால் சமதரையில் சுமார் 44 கிலோமீட்டருக்கு அப்பால் அடிவானம் முடிந்துவிடும். அலைகள் காற்றுமண்டலத்தில் சற்று வளைவதால் இன்னும் சிறிது தூரம் போகும், அவ்வளவே. சென்னையிலிருந்து கெங்கவல்லி நேர்கோட்டில் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். சென்னைப் படம் இங்கே வராததில் வியப்பில்லை.

இதற்கு வழி, கோபுரத்தை வானத்தில் நிறுவுவதுதான். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடனாகப் பெற்று, 'சைட்' என்ற சோதனையை நம் நாடு நடத்தியது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களில் பெரிய கிண்ண ஆண்டெனாக்கள் வைத்து, வேளாண்மை, உடல்நலம், கல்வி நிகழ்ச்சிகளைக் காட்டினார்கள். ஆந்திரமும் கர்நாடகமும் அந்தப் பட்டியலில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு வந்தவை நமது இன்சாட் செயற்கைக்கோள்கள். 1982இல் ஏவிய இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்டு 30இல் ஏவிய இன்சாட்-1பி நிலைத்தது. அதன்பின் 1984இல் நாடெங்கும் 100 வாட் திறனுள்ள சிறு ஒளிபரப்பிகளை மளமளவென்று நிறுவினார்கள். செயற்கைக்கோளிலிருந்து வரும் படத்தை வாங்கிச் சுற்றுவட்டாரத்தில் 25 கிலோமீட்டர் அளவுக்குப் பரப்புவது அவற்றின் வேலை. கொடைக்கானல் மலைமேல் உயர்சக்தி ஒளிபரப்பி வந்தபோது தென்மாவட்டங்கள் பலவற்றுக்குத் தெளிவான படம் கிடைத்தது. ஆனால் கெங்கவல்லியிலிருந்து கொடைக்கானலை நோக்கி வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அது கொல்லிமலையின் ஓரத்தை உரசிக்கொண்டு போகும்! மலைக்குப் பின்னால் இருப்பவன் வீட்டுக் கூரையில் எவ்வளவு உயரமான கம்பம் நட்டு எத்தனை விரல் கொண்ட அலுமினிய ஆண்டெனாவைக் கட்டினாலும், காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். திரையில் பாதி படம், பாதி புள்ளிமழை. 1986 உலகக் கோப்பையில் மரடோனாவை நள்ளிரவில் விழித்திருந்து பார்த்த தலைமுறைக்கு அந்தப் புள்ளிமழை நன்றாக நினைவிருக்கும்.

1990களில் கேபிள் வந்தது. ஊருக்கு ஒருவர் பெரிய கிண்ண ஆண்டெனா வைத்து, மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி கம்பி இழுத்து, மாதக் கட்டணம் வாங்கிப் படம் தந்தார். மலைத் தொல்லை தீர்ந்தது. வேறொரு தொல்லை முளைத்தது. எந்த அலைவரிசையைக் கொடுப்பது என்பதைக் கேபிள்காரர் முடிவு செய்தார். எந்த ஆட்டத்தைக் காட்டுவது என்பதை அலைவரிசைக்காரர் முடிவு செய்தார். விளையாட்டு அலைவரிசைகளுக்குத் தனிக் கட்டணம். விளம்பரம் கிடைக்கும் கிரிக்கெட் முன்னே நின்றது. ஆண்கள் கால்பந்துக்கே இடுக்கில்தான் இடம் என்றால் பெண்கள் கால்பந்து எங்கே நிற்கும்?

கம்பியை விட்டு விடுதலை

கேபிள் இல்லாமல் படம் காண இன்று இரு வழிகள் உள்ளன. முதலாவது, தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கிய நேரடிச் செயற்கைக்கோள் சேவை. இன்று 'டிடி ஃப்ரீ டிஷ்' என்று பெயர். சிறு கிண்ணமும் ஒரு பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். மாதக் கட்டணம் கிடையாது. 'டிடி ஸ்போர்ட்ஸ்' அதில் வருகிறது. இதற்குரிய ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்கு 93.5 பாகையில் நிற்கிறது. கெங்கவல்லியில் நின்று கணக்கிட்டால், கிண்ணத்தைத் தென்கிழக்காகத் திருப்பி, அடிவானத்திலிருந்து சுமார் 68 பாகை மேல்நோக்கிய வானத்தைப் பார்க்கச் செய்யவேண்டும். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் அலையைப் பச்சைமலையும் மறைக்காது, கொல்லிமலையும் மறைக்காது. வீட்டோரத் தென்னை மறைத்தால்தான் உண்டு!

இரண்டாவது வழி இணையம். 2016க்குப் பின் கைப்பேசித் தரவு மலிந்ததால் இது சிற்றூர்களுக்கும் எட்டியது. இதில் படம் வரும் முறை வேறு. தொலைக்காட்சியில் ஒரே அலை எல்லோருக்கும் பொது. இணையத்திலோ ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பப்படுகிறது. ஆட்டத்தைச் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் தெளிவு மிகுந்தது, நடுத்தரம், குறைந்தது எனப் பல தரங்களில் ஆக்கி வைக்கிறார்கள். உங்கள் கைப்பேசி இணைப்பின் வேகத்தை அளந்துகொண்டே, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று தானே தீர்மானிக்கிறது. பேருந்து நாகியம்பட்டி தாண்டும்போது படம் திடீரென்று மங்குவதும் பிறகு தெளிவதும் இதனால்தான்.

செலவு எவ்வளவு? நடுத்தரப் படத்துக்கு நொடிக்கு 15 இலட்சம் பிட்டுகள் என்று கொள்வோம். நிறுத்தநேரம் சேர்த்து ஆட்டம் 100 நிமிடம், அதாவது 6,000 நொடி. பெருக்கினால் 900 கோடி பிட்டுகள். எட்டால் வகுத்தால் சுமார் 1.1 ஜிகாபைட். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் திட்டம் வைத்திருப்பவருக்கு ஓர் ஆட்டம் தாராளமாக அடங்கும். கூடுதல் நேரம், பெனால்டி என்று நீண்டால் படத்தின் தரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். கேபிள் வேண்டாம் என்கிறோம். ஆனால் வெளிநாட்டு ஆட்டம் நம் கைப்பேசிக்கு வருவது பெரும்பாலும் கடலடியில் கிடக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழைக் கேபிள் வழியாகத்தான். சிங்கப்பூரிலிருந்து வங்கக் கடலுக்கடியில் வரும் இழைகள் சென்னையில் கரையேறுகின்றன.

வழி பிறந்தது, ஆட்டமும் வந்ததா? வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக. ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீகின் 2021-22, 2022-23 பருவங்களில் 'டசோன்' நிறுவனம் எல்லா ஆட்டங்களையும் யூடியூபில் இலவசமாகக் காட்டியது. ஒரு பருவத்துக்கு 61 ஆட்டங்கள். 2022 ஏப்ரல் 22இல் பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானத்தில் 91,648 பேர் கூடிய ஆட்டமும் அதில் அடக்கம். அதே மாதத்தில் உலகக் கூட்டமைப்பு 'ஃபிஃபா பிளஸ்' என்ற இலவச இணையத் தளத்தைத் தொடங்கியது.

ஆனாலும் 2023இல் ஒரு சிக்கல் எழுந்தது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நடத்திய உலகக் கோப்பையை ஒளிபரப்ப ஐரோப்பிய நிறுவனங்கள் கேட்ட விலை மிகக் குறைவு. ஆண்கள் போட்டிக்கு 10 முதல் 20 கோடி டாலர் தருபவர்கள், பெண்கள் போட்டிக்கு 10 இலட்சம் முதல் ஒரு கோடி டாலர்தான் தருகிறார்கள் என்று கூட்டமைப்பின் தலைவர் இன்ஃபான்டினோ குறைகூறினார். ஐந்து பெரிய நாடுகளில் ஒளிபரப்பே இராது என்றும் எச்சரித்தார். போட்டி தொடங்க ஏறத்தாழ ஐந்து வாரம் இருக்கும்போதுதான் உடன்பாடு ஏற்பட்டது. நமக்கு அந்தக் கவலை இல்லை. 'ஃபேன்கோடு' இணையத்திலும் 'டிடி ஸ்போர்ட்ஸ்' தொலைக்காட்சியிலும் அப்போட்டியைக் காட்டின. ஆகஸ்டு 20, ஞாயிறு, நம் நேரம் மாலை மூன்றரை மணிக்கு இறுதியாட்டம். 29ஆம் நிமிடத்தில் ஓல்கா கார்மோனா அடித்த ஒற்றைக் கோலால் ஸ்பெயின் இங்கிலாந்தை வென்றது. நள்ளிரவில் விழிக்கத் தேவையே இல்லை.

நீங்களும் பார்க்க முயன்றால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு, போட்டிக்குப் போட்டி தனித்தனியாக விற்கப்படுகிறது. நீங்கள் எந்த நாட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்பதை உங்கள் இணைய முகவரியைக் கொண்டே தளம் கண்டுபிடித்து, உரிமை இல்லையேல் கதவை மூடிவிடும். இந்தப் போட்டி எங்கே வருகிறது என்று ஒவ்வொரு முறையும் தேடித்தான் ஆகவேண்டும். உரிமையில்லாத் திருட்டுத் தளங்கள் கைப்பேசிக்குக் கேடு. ஆடும் பெண்களுக்கு வரவேண்டிய காசுக்கும் கேடு.

பார்ப்பதற்கு நம்மவரும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றது. மதுரையின் சேது அணி 2019இல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் காவல்துறையில் பணியாற்றிக்கொண்டே இந்திய அணிக்கு ஆடினார். 2025 ஜூலை 5இல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்தியா 2-1 என்று தாய்லாந்தை வென்று, ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது; இரு கோல்களும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை. 1983இல் பாங்காக்கில் நம்மை வென்ற அதே தாய்லாந்து!

கடைசியாக, பக்கத்து வீட்டில் கிண்ண ஆண்டெனா இருந்தால் ஒரு சங்கடம் உண்டு. செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கும் 72,000 கிலோமீட்டரை அலை கால் நொடிக்குள் கடந்துவிடும். குறியாக்கத்துக்கு ஓரிரு நொடி சேர்ந்தாலும் அவர்கள் திரையில் பந்து முன்னமே வலைக்குள் போய்விடும். உங்கள் கைப்பேசியோ துண்டுகளை வாங்கி வரிசையில் அடுக்கிக் காட்டுவதற்குள் அரை நிமிடம்கூடப் பின்தங்கலாம். அங்கிருந்து 'கோல்!' என்ற கூச்சல் கேட்கும்போது, இங்கே பந்து இன்னும் நடு மைதானத்தில் இருக்கும்.