காட்டுக்குள் நடக்க, கப்பலில் ஏற: அம்பாறைக் கரையோர மக்களுக்கு ஒரு பயணக் குறிப்பு

உல்லாசப் பயணம் என்ற சொல் எங்கள் வீடுகளில் கொஞ்சம் கூச்சத்துடன்தான் சொல்லப்படுகிறது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்தில் பயணம் என்றால் வைத்தியசாலைக்கு, கச்சேரிக்கு, மத்திய கிழக்குக்கு, இறைவன் நாடினால் ஹஜ்ஜுக்கு. யுத்த காலத்தில் விறகுக்கும் வயலுக்கும் போனவர்கள் திரும்பி வராத இடமாகக் காடு இருந்தது. 2006 செப்டெம்பரில் பொத்துவில் பகுதியில் குளத்து வேலைக்குச் சென்ற 10 முஸ்லிம் தொழிலாளர்கள் கொல்லப்பட்டதை இங்கு யாரும் மறக்கவில்லை. கடல் 2004 டிசெம்பர் 26 இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. கப்பல் என்றால் வன்னி மக்களுக்கு நினைவில் வருவது, 2009 இல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் ஏற்றிச்சென்ற 'கிறீன் ஓஷன்'.

இந்த நினைவுகளை அழிக்கும்படி எவரிடமும் கேட்க முடியாது. ஆனாலும் எங்கள் காடும் கடலும் வெளிநாட்டுப் பயணிகள் மட்டும் ரசிக்கிற இடங்களாகிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் போய்வந்தும் விசாரித்தும் அறிந்தவற்றைக் கீழே தருகிறேன். பயம் உள்ளவர்களும் படிப்படியாகப் பழகக்கூடிய வரிசையில் எழுதியிருக்கிறேன்.

களப்பில் தொடங்குங்கள்

பொத்துவில் களப்பில் உள்ளூர் மீனவர்களே தோணியில் கூட்டிப்போகிறார்கள். பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கண்டல் மரங்கள், கொக்குகள், கபரகொய்யா, சில நாட்களில் கரையில் யானை என்று பார்க்கலாம். முதலை உள்ள நீர் என்பதால் கையைத் தண்ணீரில் விடக்கூடாது. அதிகாலையும் மாலையும்தான் நல்ல நேரம்.

சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்கே போகாத என் உம்மா, அங்கே கரையில் நின்று தயங்கினார். தோணிக்காரர், "பயப்புடாம ஏறுங்க உம்மா, களப்புல அலை வராது" என்றார். உம்மா ஏறினார். முதல் பத்து நிமிடம் என் கையை விடவில்லை. பிறகு பறவைகளின் பெயர்களைத் தோணிக்காரரிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்.

காடு: எங்கே நடக்கலாம்?

முன்பு யால கிழக்கு என்று அழைக்கப்பட்ட குமண தேசிய பூங்கா, யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. 2006 இல்தான் இப்போதைய பெயர் வந்தது. வாசல் உகந்தையில். கும்புக்கன் ஆற்றிலிருந்து நீர் பெறும் குமண வில்லு ஏறக்குறைய 200 ஹெக்டேயர். ஏப்ரல் முதல் ஜூலை வரை கூழைக்கடாக்களும் நாரைகளும் அங்கே கூடு கட்டுகின்றன. பூங்காவுக்குள் ஜீப்பில்தான் போகலாம்; நினைத்த இடத்தில் இறங்கி நடக்க அனுமதியில்லை.

இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. கதிர்காம ஆடி உற்சவத்தை ஒட்டி, உகந்தையிலிருந்து குமண, யால வழியாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரைப் பாதையைக் குறிப்பிட்ட நாட்களுக்குத் திறக்கிறார்கள். நான்கைந்து நாள் நடை. முருக பக்தர்களின் வழி அது. கதிர்காமத்தில் பள்ளிவாசலும் உண்டு. உற்சவ காலத்தில் அங்கும் கொடியேறுகிறது. தனியே போகாமல், முன்பு நடந்தவர்கள் உள்ள குழுவுடன் சேர்ந்து போவதே வழக்கம்.

குறுகிய நடை விரும்புகிறவர்கள் கல்லோயாப் பக்கம் போகலாம். ரத்துகலவில் வேடுவ மக்கள் வழிகாட்டிகளாக நடந்து, மூலிகைகளையும் தேன் எடுக்கும் முறையையும் காட்டுகிறார்கள். சிங்களம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது. 1954 இல் உருவான கல்லோயா தேசிய பூங்காவில், சேனாநாயக்க சமுத்திரத்தில் படகுச் சவாரியும் உண்டு. தீவுக்குத் தீவு யானைகள் நீந்துவதைச் சிலவேளை காணலாம். சம்மாந்துறை வயல்களுக்குப் பாயும் தண்ணீர் தேங்குவது இங்கேதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நடக்கப் போகிறவர்களுக்கு மூடிய சப்பாத்து, நீளக் கை உடை, போதிய தண்ணீர் கட்டாயம். வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும். யானை தெரிந்தால் படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள்.

கப்பல்: எங்கிருந்து ஏறலாம்?

எங்கள் மாவட்டத்தில் 2013 இல் திறந்த ஒலுவில் துறைமுகம் மணல் அடைத்துப் பயனற்றுக் கிடந்தது. பக்கத்துக் கரையையும் கடல் அரித்தது. ஆகவே பயணக் கப்பலுக்கு வெளியேதான் போக வேண்டும்.

பழகுவதற்கு ஏற்றது காங்கேசன்துறை–நாகபட்டினம் சேவை. 2023 ஒக்டோபர் 14 இல் 'செரியபாணி' கப்பலுடன் தொடங்கி சில நாட்களில் நின்றது. 2024 ஓகஸ்ட் 16 இல் 'சிவகங்கை' மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். கடவுச்சீட்டும் இந்திய விசாவும் வேண்டும். வடகீழ்ப் பருவக் காற்றுக் காலத்தில் சேவையை நிறுத்துவதால், கல்முனையிலிருந்து புறப்படுமுன் ஓடுகிறதா என்று உறுதிப்படுத்துங்கள்.

உல்லாசக் கப்பலும் எங்கள் கரைக்கு வந்திருக்கிறது. 2023 ஜூன் 5 இல் சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்', அந்த மாதத்தில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்தது. தங்கும் அறை, உணவு, நிகழ்ச்சிகள் எல்லாம் உள்ளேயே உண்டு. இத்தகைய கப்பலில் பயணச்சீட்டு எடுக்குமுன் எந்தத் துறைமுகத்தில் ஏற முடியும், எதெல்லாம் கட்டணத்துக்குள் அடங்கும், ஹலால் உணவு கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் நடுப்பகுதியில் கீழ்த் தளத்து அறையைக் கேட்கலாம். அங்கே ஆட்டம் குறைவு. வாந்திக்கான மாத்திரையை வைத்தியரிடம் கேட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும். தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் பயணிக்குச் சலுகை உண்டு.

நினைவுகளுடன் போகிறவர்களுக்கு

யுத்தத்தில் அல்லது கடலில் உறவுகளை இழந்தவர்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போகாதீர்கள். முதல் தடவை அரை நாளுக்கு மேல் வேண்டாம். பாதியில் திரும்ப வேண்டும் என்றால் திரும்பலாம் என்று தோணிக்காரரிடமும் வழிகாட்டியிடமும் முதலே பேசிவைத்துவிடுங்கள். சீருடை கண்டால் பதறுகிறவர்களுக்கு, வழியில் சோதனைச் சாவடியோ திணைக்களக் காவலரோ இருக்கலாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உயிர்காப்பு அங்கி இல்லாத தோணியில் ஏறவேண்டாம். அது கட்டணம் குறைந்த தோணியாக இருந்தாலும் சரி, தெரிந்தவருடைய தோணியாக இருந்தாலும் சரி.