மேசைக் கணினியில் செயலி சூடேறுதல்

செயலியில் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கி, தயாரிப்பாளர் வகுத்த உச்ச வெப்பநிலையைத் திரும்பத் திரும்பத் தொடுவதும், அதனால் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதும், சில வேளை கணினியே அணைந்துபோவதும் சூடேறுதல் எனப்படும். இந்த வரையறைக்குள் டிகிரிக் கணக்கு எதுவும் இல்லை, வேண்டியதும் இல்லை. 70 டிகிரி செல்சியஸ் நல்லது, 90 ஆபத்து என்ற பழைய கணக்கு இன்றைய செயலிகளுக்குச் செல்லாது. 2022-இல் வந்த ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் மேல்நிலைச் செயலிகள், முழுப்பளுவில் 95 டிகிரி வரை ஏறி அங்கேயே நின்று ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. இன்டெலின் பல செயலிகளுக்கு வரம்பு 100. திரையில் தெரியும் எண்ணும் எப்போதும் உண்மை வெப்பநிலை அல்ல: 2017-இல் வந்த ரைசன் 7 1800எக்ஸ், விசிறிக் கட்டுப்பாட்டுக்காக உண்மை அளவோடு 20 டிகிரியைச் சேர்த்தே சொன்னது. ஆகவே உயரத்தை மட்டும் பார்த்துப் பழுதைத் தீர்மானிக்க முடியாது. எத்தனை வாட்டில் ஏறியது, எவ்வளவு நேரத்தில் ஏறியது, வேலை நின்றதும் எப்படி இறங்கியது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் பழுது இருக்கும் இடம் தெரியும்.

காரணம் எளிது. வெப்பம் சிலிக்கன் சில்லிலிருந்து அதன் உலோக மூடிக்கும், அங்கிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட்சிங்குக்கும், பிறகு கேபினெட் காற்றுக்கும், கடைசியில் அறைக்கும் போகிறது. சில்லு நகத்தளவுதான், சூடேற நொடிகூட வேண்டாம். ஹீட்சிங்க் சில நூறு கிராம் உலோகம். அது முழுதும் சூடாகப் பல நிமிடம் ஆகும். கேபினெட் காற்று சூடேறி நிலைக்க இன்னும் நேரம் பிடிக்கும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற நிரலைத் திறந்துவைத்து, சினிபெஞ்ச் போன்ற கனமான சோதனையை ஓடவிட்டுப் பாருங்கள். முதல் ஓரிரு நொடிகளிலேயே வரம்பைத் தொட்டு, சோதனையை நிறுத்திய மறுகணமே சரசரவென்று விழுந்தால், ஹீட்சிங்குக்கு வெப்பம் போய்ச் சேரவே இல்லை. ஐந்து பத்து நிமிடமாகப் படிப்படியாக ஏறினால், ஹீட்சிங்க் வாங்கிக்கொள்கிறது, காற்றுக்குத்தான் கொடுக்க முடியவில்லை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் கணிசமாகக் குறைந்தால், குறை கேபினெட்டின் காற்றோட்டத்தில்.

முதல் வகைப் பழுதில்தான் பேஸ்டுக்கு வேலை. பேஸ்ட் மலிவு, முதலில் அதை மாற்றிப் பார்த்துவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். நஷ்டம் உண்டு. ஹீட்சிங்கைத் தூக்கியதும் அது எப்படி உட்கார்ந்திருந்தது என்ற தடயம் போய்விடுகிறது. பிறகு வெப்பம் குறைந்தாலும் குணப்படுத்தியது பேஸ்டா, சரியாகப் பொருத்தியதா என்று சொல்ல முடியாது. ஏஎம்4 சாக்கெட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு செயலியையே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவந்து பின்களை வளைத்துவிடும். கழற்றுவதற்கு முன் கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்தபின் ஹீட்சிங்கை இடமும் வலமுமாகத் திருகித் தளர்த்துவது அதனால்தான். கழற்றாமலே பார்க்கக்கூடியவையும் உண்டு. இன்டெல் செயலியோடு வரும் ஹீட்சிங்கை நான்கு பிளாஸ்டிக் பின்கள் தாங்குகின்றன. மேலிருந்து பார்த்தால் நான்கும் இறங்கியதுபோலவே தெரியும். மதர்போர்டின் பின்பக்கம் பார்த்தால் மூன்றின் நுனிதான் துளையைத் தாண்டி விரிந்திருக்கும், நான்காவது பாதியிலேயே நிற்கும். அந்த மூலையில் புகும் மயிரிழை அளவு காற்று போதும். செம்பு கடத்தும் வெப்பத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காற்று கடத்தாது. புதிதாகக் கட்டிய கணினி என்றால், ஹீட்சிங்கின் அடியில் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளை உரித்தோமா என்று நினைவுபடுத்திக்கொள்வதும் நல்லது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் நடப்பதுதான்.

மெதுவாக ஏறும் சூட்டுக்குப் பெரும்பாலும் தூசிதான் காரணம். விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில் அது சாம்பல்நிறக் கம்பளியாகப் படிந்திருக்கும். விசிறியைக் கழற்றாதவரை கண்ணில் படாது. திரவக் குளிர்விப்பானில் பம்ப் நின்றிருந்தால் கைகொண்டே அறியலாம்: செயலியின் மேலுள்ள பகுதி சுடும், ரேடியேட்டரோ குளிர்ந்தே கிடக்கும். அறை வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மின்சாரமும் விசிறி வேகமும் மாறாதபோது, அறை ஏறும் அளவுக்கே செயலியும் ஏறுகிறது. 30 டிகிரி அறையில் 65 வாட் வேலையில் 75 காட்டும் செயலி, அதே வேலையில் 40 டிகிரி அறையில் ஏறக்குறைய 85 காட்டும். கத்திரி வெயிலில் மட்டும் வரும் பத்து டிகிரிக்கு உதிரிபாகம் வாங்குவது வீண்.

வழி சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால், அனுப்பப்படும் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். கோர் ஐ9-13900கே செயலிக்கு இன்டெல் குறிப்பிடும் அடிப்படை மின்திறன் 125 வாட், உச்சம் 253 வாட். சில மதர்போர்டுகள் இந்த உச்சத்தையும் முன்னிருப்பாகவே தளர்த்திவிடுகின்றன. பயாஸில் வரம்பைத் திரும்ப இட்டால் வேகம் சற்றுக் குறையும், வெப்பமோ அதைவிட அதிகமாகக் குறையும். ஏனெனில் கடைசிச் சில மெகாஹெர்ட்ஸுக்குத்தான் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது. வாட் குறைந்தால் சூடும் குறையத்தானே வேண்டும் என்ற கேள்விக்கு 2012-இன் ஐவி பிரிட்ஜ் செயலிகளே பதில். கோர் ஐ7-3770கே-யின் மின்திறன் 77 வாட். முந்தைய 2600கே-க்கு 95. ஆனாலும் வேகம் கூட்டி ஓட்டியவர்கள் புதியதில்தான் அதிகச் சூட்டைக் கண்டார்கள். சில்லின் பரப்பு சுருங்கியிருந்தது. மூடிக்கு அடியில் முன்பிருந்த உலோகப் பற்றாசுக்குப் பதில் பேஸ்ட் வைக்கப்பட்டிருந்தது. அத்தகைய செயலிக்கு மேலே எவ்வளவு பெரிய ஹீட்சிங்கை வைத்தாலும் பலன் ஓரளவுதான்.

செயலி தன்னைத்தானே காத்துக்கொள்ளுமே, ஏன் இத்தனை பாடு என்பது நியாயமான கேள்வி. 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இதழ் ஓடும் கணினிகளின் ஹீட்சிங்கைக் கழற்றிக் காட்டியது: அன்றைய அத்லான் கருகிப்போனது, பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்று இரு நிறுவனங்களின் செயலிகளிலும் அந்தக் காப்பு இருப்பதால், கருகும் அச்சம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் காப்பு இயங்கும்போதெல்லாம், காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைப்பதில்லை. தவிர, வெப்பநிலையைக் கொண்டு அறிய முடியாத கேடும் உண்டு. 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் கோர் செயலிகள் சில அடிக்கடி முடங்கியதற்கு அளவுமீறிய மின்னழுத்தமே காரணம் என்று 2024-இல் இன்டெல் அறிவித்தது. நல்ல குளிர்விப்பான் மட்டும் அதைத் தடுக்கப் போதாது. அந்தத் தலைமுறைச் செயலி வைத்திருப்பவர்கள், பேஸ்டைத் தொடுவதற்கு முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். ஏற்கெனவே முடங்கத் தொடங்கியிருந்தால், இன்டெல் இரண்டாண்டு நீட்டித்த உத்தரவாதத்தின்கீழ் செயலியை மாற்றிக்கொள்வதே வழி.